சங்கீதத்துக்கும் அரிச்சுவடி வேண்டும்

விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து நெல்லிலோ அரிசியிலோ எழுத்தை எழுதுவிப்பது நம் நாட்டு வழக்கம். அன்று தொடங்கிய எழுத்து அந்தக் குழந்தைக்கு ஆயுள் முழுவதும் சொந்தமாகி விடுகிறது. பிறகு ஒவ்வொரு புத்தகத்தையும் யாரும் அதற்கு வாயால் ஓதி வைக்க வேண்டியதில்லை. தானே எடுத்துப் படித்துக் கொள்கிறது. சங்கீதத்தின் விஷயத்தில் மட்டும் இந்த நியாயத்தை நாம் கைவிட்டு விட்டோம். ஸ ரி க ம ப த நி என்ற எழுத்துக்கள் ஏழே ஏழு. அந்த ஏழையும் பார்த்துப் பாடத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? நன்றாகப் படித்துப் பட்டம் பெற்றவர்களும், மேடையில் தேசபக்திப் பாட்டுக்களை உரக்கப் பாடுகிறவர்களுங்கூட, ஸ்வரக் குறிப்புள்ள புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தால் தெரியாத பாஷையைக் கண்டவர்கள்போல் விழிக்கிறார்கள். இந்த நிலைமை மாறவேண்டும். அதுவும் ஆரம்பப் பாடசாலையிலேயே மாறவேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

குழந்தைகளையெல்லாம் வித்வான்களாக்கி விடலாமென்று நாம் மனப்பால் குடிக்கவில்லை. எழுத்துப் படித்தவர்களெல்லாம் கவிகளாகி விட்டார்களா? நாம் கேட்பது இவ்வளவே: ஐந்தாம் வகுப்பை முடித்து வெளியேறும் ஒவ்வொரு குழந்தையும், எளிய பாட்டு ஒன்றை அதன் ஸ்வரக் குறிப்பைப் பார்த்துத் தானே பாடத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் தொடங்கினால் இது எட்டக்கூடிய காரியந்தான்.

இது மேனாட்டிலிருந்து இறக்குமதியான நாகரிகம் என்று எவரேனும் நினைப்பாராயின், அவர் ஒருமுறை புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலைக்குப் போய்வர வேண்டும். அங்கே குகைக்கோயிலின் பக்கத்துப் பாறையில், பல்லவ கிரந்த எழுத்தில், ஸ்வரங்களை வரிவரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். எழுத்தின் அமைப்பைக் கொண்டு அது ஏழாம் நூற்றாண்டையோ எட்டாம் நூற்றாண்டையோ சேர்ந்தது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். ஸ்வரங்கள் நான்கு நான்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு ஸ்வரத்தின் மெய்யெழுத்தும் அ, இ, உ, எ என்ற உயிர்களோடு மாறி மாறி வருகிறது. இதைச் செய்வித்தவன் ருத்ராசாரியரின் சீடனாகிய ஓர் அரசன் என்று அந்தச் சாஸனம் கூறுகிறது. எந்த அரசன் என்ற பெயர் அதில் இல்லை. ஆனால் எதற்காகச் செய்தான் என்பது இருக்கிறது. மாணாக்கர்களின் நன்மைக்காகவே அவன் அதைச் செய்தானாம். தன் பெயரைச் சொல்ல மறந்தவன் மாணாக்கர்களை மறக்கவில்லை. ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன் கல்லிலே பாடம் எழுதி வைத்த நாட்டில், இன்று காகிதத்தில் எழுதியதைப் படிக்க ஆளில்லை என்றால், அந்தக் குற்றம் யாருடையது?

எழுதாமல் விட்டதால் நாம் இழந்தது கொஞ்சமன்று. தேவார ஏடுகளைத் தில்லையில் கண்டெடுத்த வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. கரையான் தின்றது போக எஞ்சிய ஏடுகளில் பாட்டின் சொல் இருந்தது, பண் இல்லை. பண்ணைத் தெரிந்துகொள்ளத் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்மணியைத் தேடிப்போக வேண்டியிருந்தது என்று அந்தப் புராணமே சொல்லுகிறது. அவர் இருந்தார், பண் கிடைத்தது. இல்லாதிருந்தால்? அதற்கும் நம் சரித்திரத்தில் விடை இருக்கிறது. சீகாழி முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய மூவரும் தமிழில் கீர்த்தனங்களை இயற்றிய முன்னோடிகள். அவர்களுடைய சாகித்தியம் நமக்குக் கிடைத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றின் பழைய வர்ணமெட்டு கிடைக்கவில்லை. ராம நாடகக் கீர்த்தனங்களுக்கு அரியக்குடி ராமாநுஜ ஐயங்கார் போன்றவர்கள் புதிதாக மெட்டு அமைத்ததால் அவை இன்று கச்சேரிகளில் கேட்கின்றன. அது நம் பாக்கியம். ஆயினும், கவிராயரின் காலத்தில் ஒலித்தது எதுவோ அது போனது போனதுதான்.

நம் காலத்துக்கு இன்னும் நெருங்கி வருவோம். எட்டயபுரம் என்ற ஒரே ஊர் இந்த விஷயத்தில் நமக்கு இரண்டு பாடங்களைப் போதிக்கிறது. முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835-ம் வருஷத்தில் அந்த ஊரில் காலமானார். அவருடைய குடும்ப மரபில் வந்த சுப்பராம தீக்ஷிதர், 1904-ம் வருஷத்தில், அதே ஊரிலிருந்து ‘ஸங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலைத் தெலுங்கு எழுத்தில் வெளியிட்டார். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் கிருதிகளில் இருநூற்றுக்கு மேற்பட்டவை ஸ்வரத்தோடும் தாளத்தோடும், கமகங்களுக்கென்று தனியே வகுத்த அடையாளங்களோடும் அதில் அச்சாயின. இந்த முயற்சிக்கு அவரை விடாமல் தூண்டியவர் சின்னஸ்வாமி முதலியார் என்பவர். நம் கீர்த்தனங்களை ஐரோப்பியரின் ஐந்து கோட்டு முறையில் 1893-ம் வருஷத்திலேயே அச்சிட்டுக் காட்டியவர் அவர். அதே எட்டயபுரத்தில் 1882-ம் வருஷத்தில் பிறந்தவர் சுப்பிரமணிய பாரதியார். அவர் தம் பாட்டுக்கள் பலவற்றின் தலைப்பில் ராகத்தையும் தாளத்தையும் குறித்துச் சென்றார். சில பாட்டுக்களின் மெட்டை அவருடைய குடும்பத்தாரும் நண்பர்களும் வாய்வழியாகக் காப்பாற்றித் தந்தார்கள். மற்றவற்றை அவர் எப்படிப் பாடினார் என்று இன்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ராகத்தின் பெயர் மட்டும் இருந்தால் மெட்டு வந்துவிடுமா? ஊரின் பெயரைச் சொன்னால் வீட்டின் விலாசம் கிடைத்து விடுமா? 1835-ல் மறைந்தவரின் பாட்டு எழுத்திலிருக்கிறது. 1921-ல், அச்சு யந்திரம் தெருவுக்குத் தெரு ஓடிய காலத்தில் மறைந்த தேசிய மகாகவியின் மெட்டு காற்றோடு போயிற்று. அவருடைய பாட்டைப் பாடிச் சிறை சென்றவர்களில் நாலு பேருக்கு ஸ்வரம் எழுதத் தெரிந்திருந்தால் இந்த நஷ்டம் நேர்ந்திராது.

நீதிஸ்தலத்தில் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாட்டன் வாயால் சொல்லிவிட்டுப் போன பாகப்பிரிவினையைப் பேரன் நிரூபிக்கப் படும் பாடு எங்களுக்குத் தெரியும். சாட்சி இறந்துபோவான், உயிரோடிருப்பவனுக்கு ஞாபகம் பிசகும், ஞாபகமிருப்பவன் எதிர்க்கட்சியில் சேர்ந்திருப்பான். ஒரு துண்டுப் பத்திரம் இருந்தால் இவ்வளவு வழக்கும் வேண்டியதில்லை. ஒரு ஜன சமூகத்தின் சங்கீதச் சொத்தை வாய்மொழிச் சாட்சியத்தை மட்டும் நம்பி விட்டுவைப்பது விவேகமாகாது.

ஆனால் பத்திரம் எழுதி வைத்தால் மட்டும் போதுமா? அதைப் படிக்கத் தெரிந்த வாரிசும் வேண்டுமே. இன்று நம் குறை புத்தகம் இல்லாத குறையன்று. சுப்பராம தீக்ஷிதரின் நூலைச் சென்னை மியூசிக் அகாடமி தமிழ் எழுத்தில் வெளியிட்டது. 1941-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் எழுந்த தமிழிசைக் கிளர்ச்சியின் பயனாகத் தமிழ்ப் பாட்டுக்கள் ஸ்வரக் குறிப்போடு தொகுதி தொகுதியாக அச்சாயின. தமிழில் பாடு என்று போராடினோம், பாட்டையும் அச்சிட்டோம், படிக்கக் கற்றுக்கொடுக்க மட்டும் மறந்தோம். அந்தத் தொகுதிகள் வித்வான்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் பயன்படுகின்றன. பொது ஜனங்களுக்கு அவை அலமாரியில் உறங்கும் காகிதமே.

பிற நாட்டார் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பது நலம். பதினோராம் நூற்றாண்டில் இத்தாலி தேசத்து அரெஸ்ஸோ நகரில் கைடோ என்ற துறவி, கோயிலில் பாடும் சிறுவர்களுக்குக் கோடிட்ட ஸ்வர எழுத்தைக் கற்பித்தார். முன்பு பத்து வருஷம் உருப்போட்டும் கைவராத வித்தை, தம் முறையால் ஓரிரண்டு வருஷத்தில் கைவருகிறது என்று அவர் எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் என்ற பாதிரியார், ஸாரா குளோவர் என்ற உபாத்தியாயினி வகுத்த முறையைத் திருத்தி, கோடுகளையும் விட்டுவிட்டு, நம் ஸரிகம போன்ற ஏழெழுத்து முறையைப் பரப்பினார். பியானோ வாங்க வசதியில்லாத தொழிலாளிகளும் அவர்களுடைய குழந்தைகளும் அந்த எழுத்தைப் பார்த்துக் கூட்டங் கூட்டமாகப் பாடலானார்கள். ஹங்கேரியில் கோடாய் என்ற இசைப் புலவரின் கொள்கைப்படி, 1950-ல் கெச்கெமேட் என்ற ஊரில் நித்தியம் பாட்டு வகுப்புள்ள ஆரம்பப் பாடசாலை தோன்றியது. தம் தேசத்துக் கிராமியப் பாட்டையே அவர் குழந்தைகளின் அரிச்சுவடியாக்கினார்.

நம் தேசத்திலேயும் உதாரணத்துக்குக் குறைவில்லை. பம்பாயில் வக்கீலாயிருந்த விஷ்ணு நாராயண் பாத்கண்டே, தொழிலைத் துறந்து தேசமெங்கும் சுற்றினார். 1904-ல் எட்டயபுரத்துக்கும் வந்து சுப்பராம தீக்ஷிதரைச் சந்தித்தார். பல வித்வான்களின் வீட்டுக்குள் பூட்டிக் கிடந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுக்களைத் திரட்டி, எளிய ஸ்வரக் குறிப்போடு பாடப் புத்தகங்களாக்கினார். வங்காளத்திலோ, ஜ்யோதிரிந்திரநாத் தாகூர் வகுத்த முறையில் ரவீந்திரநாதரின் பாட்டுக்களில் பெரும்பாலானவை ஸ்வரத்தோடு அச்சாகியிருக்கின்றன. தாகூருக்குக் கிடைத்தது பாரதியாருக்குக் கிடைக்கவில்லை.

இனி, சிறு குழந்தைக்கு இது முடியுமா என்ற கேள்வி. தமிழ்க் குழந்தைக்கு இந்தப் பாடத்தில் பாதி முன்னமே தெரியும் என்பது நம் பதில். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று தமிழ் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள் அல்லவா? ஸ்வர எழுத்திலும் அதே கணக்குத்தான். க என்றால் ஓர் அளவு. கா என்றால் இரண்டு. அதற்குமேல் நீள வேண்டுமானால் ஒரு காற்புள்ளி ஓர் அளவு. ஓர் அரைப்புள்ளி இரண்டளவு. எழுத்தின் மேலே புள்ளியிருந்தால் மேல் ஸ்தாயி. கீழே புள்ளியிருந்தால் கீழ் ஸ்தாயி. எழுத்துக்களின் தலைமேல் ஒரு கோடிருந்தால் இரட்டை வேகம். தாளத்தின் அங்கம் முடியுமிடத்தில் ஒற்றைக் கோடு. ஆவர்த்தம் முடியுமிடத்தில் இரட்டைக் கோடு. ஆதி தாளத்தில் நான்கு, இரண்டு, இரண்டு என்று எட்டு எண்ணிக்கை. இவ்வளவுதான் ஆரம்பப் பாடம். கமலம், பசு, மரம் என்று எழுத்துக்கூட்டும் குழந்தைக்கு இது ஒரு பாரமா?

கற்பிக்கும் முறையில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். குழந்தை முதலில் பேசுகிறது, பிறகுதான் எழுதுகிறது. அதுபோல முதலில் காதும் குரலும், பிறகே கண். சில மாதங்கள் தாளம் போட்டுக்கொண்டு ஸரளி வரிசையையும், ஊரில் வழங்கும் தாலாட்டையும் கும்மியையும் பாடவேண்டும். சுவரில் ஏழு படிகள் வரைந்து, குரல் ஏறுவதையும் இறங்குவதையும் விரலால் தொட்டுக் காட்டவேண்டும். பிறகு, வாயில் ஏற்கனவே பழகிய பாட்டையே பலகையில் எழுதிக் காட்டவேண்டும். தான் பாடியதுதான் அங்கே எழுத்தாக நிற்கிறது என்று தெரியும்போது குழந்தையின் கண் மலரும். அதன்பின் உபாத்தியாயர் மூன்று ஸ்வரங்களைப் பாட, குழந்தைகள் எழுத வேண்டும். கடைசியில், கேளாத புதுப்பாட்டு நான்கு வரியைத் தாமே படிக்கவேண்டும். ஓர் எச்சரிக்கையும் இங்கே சொல்லவேண்டும். மேல் ஸ்தாயிப் புள்ளி தமிழ் அச்சில் மெய்யெழுத்தின் புள்ளியைப் போலவே இருப்பதால், குழந்தை ‘ஸ்’ என்று ஒலியடக்கிப் படித்துவிடும். இந்த மயக்கத்தை முதல் நாளே தீர்த்துவிட வேண்டும். சிறு குழந்தைகளுக்கான புத்தகத்தில் அந்தப் புள்ளியைச் சிவப்பு மையில் அச்சிட்டால் இன்னும் நல்லது.

சிநேகிதர் ஒருவரின் வீட்டில் நாம் கண்டதை இங்கே குறிப்பிடுவது தகும். ஏழு வயதுப் பெண் குழந்தை. அதன் பாட்டி வீட்டு வேலைக்கிடையில் ஸ்வர எழுத்தைச் சொல்லி வைத்திருந்தார். குழந்தை ஒரு பழைய புத்தகத்தைத் திறந்து, முன்பின் கேட்டிராத ஒரு கீதத்தை, விரலை எழுத்தெழுத்தாக நகர்த்தித் தட்டுத் தடுமாறிப் பாடியது. நடுவில் ஓரிடத்தில் தாளம் தவறியது. தானே கண்டுபிடித்துத் திரும்பவும் தொடங்கியது. பக்கத்திலிருந்த நமக்கு, பல வருஷம் கச்சேரி கேட்டும் அந்தப் பக்கத்தில் ஒரு வரி படிக்கத் தெரியவில்லை. வெட்கமாயிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். இந்தக் கட்டுரைக்கு அந்த வெட்கமும் ஒரு காரணம்.

ஆக்ஷேபங்கள் மூன்றுக்குப் பதில் சொல்லவேண்டும். நம் சங்கீதத்தின் உயிர் கமகம். அதை எழுத்தில் அடக்க முடியாது என்பது முதலாவது. உண்மைதான். தோடியின் காந்தாரத்தைக் காகிதத்தில் பார்த்துக் கற்றவர் எவருமில்லை. ஆனால் ‘ழ’ என்ற எழுத்தின் ஒலியை எந்தப் புத்தகம் கற்பிக்கும்? தாயின் நாவும் ஆசிரியரின் நாவுந்தான் கற்பிக்கின்றன. அதற்காகத் தமிழ் நெடுங்கணக்கை யாரும் எரித்துவிடவில்லை. எழுத்து குருவின் ஸ்தானத்தைப் பிடிக்க வரவில்லை. குரு இல்லாத வீட்டில் ஒரு கைவிளக்காக நிற்க வருகிறது.

இப்போது கைப்பேசியிலேயே எல்லாப் பாட்டும் கேட்கிறதே, எழுத்தெதற்கு என்பது இரண்டாவது. பிரசங்கங்களையும் கைப்பேசியில் கேட்கலாம். ஆகையால் குழந்தைகளுக்கு எழுத்து வேண்டாம் என்போமா? ஒலிப்பதிவு மகத்தான சாதனம். காதுப் பயிற்சிக்கும் சுருதிக்கும் அதை நன்றாகப் பயன்படுத்திக் கொள்ளலாம். ஆயினும் அது கேட்பவனை உண்டாக்குகிறது. ஒருவர் பாடிய பாட்டைக் கிளிபோல் திருப்பிச் சொல்ல அது போதும். தானே படித்துப் பார்த்து, இங்கே ஏன் இந்த ஸ்வரம் என்று கேட்கவும், தன் மனத்தில் தோன்றிய மெட்டை எழுதி வைக்கவும் எழுத்தே வேண்டும்.

உள்ள பாடமே சுமையாயிருக்க, இது வேறா. உபாத்தியாயருக்கு எங்கே போவது என்பது மூன்றாவது. இதுதான் கவனிக்க வேண்டிய ஆக்ஷேபம். பெரும்பாலான ஆரம்பப் பாடசாலைகளில் சங்கீத உபாத்தியாயர் கிடையாது என்பதை நாம் அறிவோம். ஆனால் நாம் கேட்கும் பாடத்துக்கு வித்வான் தேவையில்லை. தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், சுமாராகச் சுருதி சேரப் பாடக் கூடியவராயின், சில வாரப் பயிற்சியில் ஸரளி வரிசையையும் எளிய கீதங்களையும் படிக்கவும் படிப்பிக்கவும் கற்றுக்கொள்ளலாம். அந்தப் பயிற்சியை ஆசிரியர் பயிற்சி நிலையங்களிலேயே வைக்கவேண்டும். அரசாங்க இசைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்து வெளிவந்த இளைஞர் பலர் தக்க உத்தியோகமின்றி இருக்கிறார்கள். அவர்களைக் கோடை விடுமுறையில் இதற்கு அமர்த்திக் கொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாள், கால் மணி நேரம். கரும்பலகை, சுண்ணக் கட்டி, ஒரு மெல்லிய புத்தகம். இதனால் குழந்தைகள் கணக்கில் புலிகளாகி விடுவார்களென்று ஆசை காட்ட நமக்கு இஷ்டமில்லை. பாட்டைப் படிக்கத் தெரிவதே போதுமான பயன்.

இதில் அடங்கியிருக்கும் பெரிய விஷயம் ஒன்றுண்டு. இன்று சங்கீதம் யாருக்குக் கிடைக்கிறது? அது வழிவழியாக வரும் வீட்டில் பிறந்த குழந்தைக்குக் கிடைக்கிறது. மாதந்தோறும் சம்பளம் கொடுத்து வாத்தியாரை வைத்துக்கொள்ளக் கூடிய நகரத்துக் குழந்தைக்குக் கிடைக்கிறது. நல்ல குரலோடு கிராமத்தில் பிறந்து, வயலுக்குப் போகும் தாயின் பாட்டைக் கேட்டு வளரும் குழந்தைக்கு அந்தக் கதவு அடைத்தே இருக்கிறது. ஒரு காலத்தில் தமிழ் எழுத்தும் இப்படித்தான் சிலருடைய உடைமையாயிருந்தது. ஊருக்கு ஊர் பாடசாலை திறந்து அந்தக் கதவை உடைத்தோம். சங்கீத எழுத்தின் கதவையும் அதே பாடசாலையில்தான் உடைக்க வேண்டும். அப்போது தாயின் தாலாட்டைக்கூட அந்தக் குழந்தை எழுதி வைக்கும். அந்தப் பாட்டியோடு அந்தப் பாட்டும் சுடுகாட்டுக்குப் போகாது.

பொது ஊழியத்தில் ஈடுபட்டிருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்காரின் உத்தரவுக்காகக் காத்திராதீர்கள். உங்கள் ஊர்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் இதைப் பேசுங்கள். வாசகசாலை இருந்தால் அங்கே ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கல்யாணத்துக்கு நாகஸ்வரம் வாசிக்க வரும் பெரியவரை ஒரு நாள் குழந்தைகளின் நடுவே உட்கார வைத்து, ஏழு ஸ்வரத்தையும் சொல்லச் சொல்லுங்கள். குழந்தைகளின் பக்கத்தில் நீங்களும் பலகையோடு உட்காருங்கள். வருகிற விஜயதசமியன்று உங்கள் வீட்டுக் குழந்தை அரிசியில் எழுதும்போது, அகரத்துக்கு அருகில் ஒரு ‘ஸ’வும் இருக்கட்டும்.